கிறிஸ்மா கொடுக்காத பரிசு

நவம்பர் 30, சனி

எங்கள் சபை வளாகத்தில் இன்று கிறிஸ்துமஸ் சந்தை திறந்தார்கள். டிசம்பர் 21 வரை நான்கு சனிக்கிழமையும் உண்டு. பெண்கள் ஐக்கியச் செயலாளர் மேபல் அக்கா இந்த வருஷம் புதுச் சட்டம் போட்டிருக்கிறார்கள். விற்பது எல்லாம் உள்ளூர்க்காரர்கள் தங்கள் கையால் செய்ததாக இருக்க வேண்டும், அதுவும் வேண்டாமென்று கழித்த பொருளிலிருந்து. பழைய ஜீன்ஸில் பை, உடைந்த வளையலில் பூச்சாடி, கொட்டாங்குச்சியில் விளக்கு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் இருபத்தெட்டு வருஷம் பள்ளிக்கூட அலுவலகத்தில் வருகைப் பதிவேடு பார்த்த கண் இது. ஒவ்வொரு கடையிலும் பொருளைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தேன். மூன்றாவது கடையில் மெழுகுவர்த்தியின் அடியில் ஸ்டிக்கர் கிழித்த பசை இருந்தது. "இது உங்க கையால செஞ்சதா?" என்றேன். "கையாலதான் அடுக்கி வச்சேன்" என்றான். மேபல் அக்காவிடம் சொல்லி அவனைக் கிளப்பிவிட்டேன். கடைசியில் தையல் மிஷினோடு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அவள் மேசையில் வெள்ளை உடுப்புப் போட்ட தேவதூதர் பொம்மைகள் நாலைந்து இருந்தன. அங்கே போவதற்குள் சீட்டுக் குலுக்கக் கூப்பிட்டுவிட்டார்கள்.

சீட்டு எதற்கென்றால், கிறிஸ்மா விளையாட்டுக்கு. டிசம்பர் வந்தால் எங்கள் பக்கத்தில் இது உண்டு. சீட்டில் யார் பேர் வருகிறதோ அவருக்கு நாம் கிறிஸ்மா. ஞாயிறுதோறும் அவர் பேர் எழுதிய பொட்டலத்தை ஆராதனைக்கு முன் மேசையில் வைத்துவிட வேண்டும். யார் வைத்தது என்று தெரியக் கூடாது. கடைசி ஞாயிறு எழுந்து நின்று சொல்ல வேண்டும். பரிசு இந்தச் சந்தையில்தான் வாங்க வேண்டும் என்று அதற்கும் சட்டம்.

எனக்கு ஜெபராணி டீச்சர் பேர் விழுந்தது. போன வருஷம் அவள் விடுப்புக் கடிதத்தில் தேதி மாறியிருப்பதைக் கண்டுபிடித்தவள் நான். அதிலிருந்து என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஐம்பத்தைந்து வயதில் எனக்கு இந்த விளையாட்டு தேவையா?

டிசம்பர் 1, ஞாயிறு

முதல் பரிசு வந்தது. பழைய பாட்டு கேசட்டுகளை ஒட்டிச் செய்த பேனாக்கூடு. 'ஹெப்சிபா அக்காவுக்கு' என்று இடது கையால் எழுதியிருக்கிறது. அலுவலகத்தில் இருப்பவளுக்குப் பேனாக்கூடு கொடுக்கத் தோன்றியிருக்கிறது என்றால் அலுவலகத்துக்கு வந்துபோகிற ஆள். ஜெபராணியாகத்தான் இருக்கும்.

நான் அவளுக்கு வைத்தது கண்ணாடி வைத்துத் தைத்த ஊதா நிறச் சுருக்குப்பை. அவளுக்கு ஊதா பிடிக்குமா என்று தெரியாது. எடுக்கும்போது கை அதற்குத்தான் போனது.

டிசம்பர் 3, செவ்வாய்

வாசலில் நட்சத்திரம் கட்டினேன். நாற்காலியைப் பிடிக்க ஆள் இல்லாததால் கீழேயே, ஜன்னல் கம்பியில். முன்பெல்லாம் ஏணியைப் பிடித்துக்கொண்டு, "வலது பக்கம், எக்கா, இன்னும் வலது பக்கம்" என்று ஒருத்தி கத்துவாள். உயரத்தில் இருந்தால்தான் நட்சத்திரமா? ஜன்னலிலும் எரியத்தான் செய்கிறது.

டிசம்பர் 7, சனி

கேக்குக்கு முந்திரி, திராட்சை வாங்கினேன். எடைபோட்டவன் கை தராசில் இருந்தது. எடுக்கச் சொல்லி மறுபடி போடவைத்தேன்.

சந்தையில் அந்தத் தையல்காரி கடைக்குப் போனேன். பேர் இசக்கியம்மாள், முப்பத்தைந்து வயது இருக்கும், பேச்சில் பயமே கிடையாது. போன வாரம் பார்த்த தேவதூதர்கள் ஒன்றுகூட இல்லை. "ஒரே அம்மா மொத்தமா வாங்கிட்டுப் போய்ட்டாவ" என்றாள். மொத்தமாக வாங்குகிறவள் வேறெங்கோ கூடுதல் விலைக்கு விற்பாள். இதையும் மேபல் அக்காவிடம் சொல்ல வேண்டும்.

ஜெபராணிக்குத் தீப்பெட்டிகளில் செய்த குட்டி அலமாரி வாங்கினேன். இழுப்பறைகளில் சின்னச் சின்னக் குமிழ். சின்ன வயதில் தங்கை பியூலா இப்படி ஒன்று செய்து அதற்குள் மிட்டாய்த் தாள்களைச் சேர்த்துவைப்பாள்.

டிசம்பர் 8, ஞாயிறு

இதை இன்றே எழுதிவிட வேண்டும்.

மேசையில் என் பேருக்கு ஒரு பொட்டலம். கையெழுத்து இல்லை. பத்திரிகை எழுத்துகளை வெட்டி ஒட்டியிருந்தார்கள். 'ஹெ' என்ற எழுத்துக்கு ஏதோ ஹெல்மெட் செய்தியை வெட்டியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து பிரித்தேன். தேவதூதர் பொம்மை. உடுப்பு அரைவெள்ளைப் பட்டு, ஓரத்தில் மெல்லிய ஜரிகைக் கொடி. பின்பக்கம் திருப்பினேன். பாவாடையின் கீழ்ப்புறம் இரண்டு விரல் அகலத்துக்கு முக்கோணமாக ஒரு தீய்ந்த வடு. அதன்மேல் வலை போல நெருக்கி இழை ஓட்டியிருக்கிறது. அந்தத் தையலை எந்தக் கூட்டத்திலும் அடையாளம் சொல்வேன். அது என் அம்மா தைத்தது. அது அம்மாவின் கல்யாணச் சேலை.

இரண்டு வருஷமாக நான் எழுதாமல் தாண்டிப்போகிற விஷயத்தை இப்போது எழுதத்தான் வேண்டும். தன்னை அந்தச் சேலை கட்டித்தான் அடக்கம்பண்ண வேண்டும் என்று அம்மா எங்கள் இருவரிடமும் பல தடவை சொல்லியிருக்கிறாள். வாதம் வந்து பேச்சுப் போனபின் அதுவும் சொல்ல முடியவில்லை. அம்மா போன அன்று மேபல் அக்காதான் குளிப்பாட்டினார்கள். "சேலையக் கொண்டாங்க பிள்ளேளா" என்றார்கள். பீரோவைத் திறந்தேன். சேலை இல்லை. அதற்கு முந்தின வருஷம் பியூலா அதைக் கசங்கல் போக ரோல் போடக் கடைக்குக் கொண்டுபோயிருந்தாள். திருப்பி அம்மா கையில் கொடுத்துவிட்டேன் என்றாள். நான் பார்க்கவில்லை. நடுவீட்டில், சபையார் எல்லாரும் இருக்க, "எடுத்தது நீதான், பெத்தவ பிணத்துக்கு உடுத்தவாவது கொடு" என்றேன். அம்மாவை நீலக்கரைச் சேலையில் வைத்து அடக்கம்பண்ணினோம். மண் போட்டுவிட்டு அப்படியே பெருமாள்புரத்தில் இருக்கும் தன் வீட்டுக்குப் போனவள் அதன்பின் என் வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

ஆக, நான் சொன்னது சரி. அவள் எடுத்திருக்கிறாள், விற்றிருக்கிறாள். அது கத்தரி பட்டுப் பொம்மைத் துணியாகி என் வீட்டுக்கே வந்திருக்கிறது. கண்டுபிடித்துவிட்டேன் என்று சந்தோஷம் வர வேண்டும். வரவில்லை. பொம்மையைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

டிசம்பர் 9, திங்கள்

மேபல் அக்காவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். பொம்மையின் வடு, ஜரிகை எல்லாம் விவரமாக. "நீ அவகிட்ட நேர்ல கேட்டியா ஹெப்சி?" என்றார்கள். திருடினவளிடம் திருடினாயா என்று கேட்டால் ஆமாம் என்பாளா? "அன்னைக்கும் நீ கேக்கல. சொன்ன" என்றார்கள். போனை வைத்துவிட்டேன்.

டிசம்பர் 11, புதன்

லென்ஸ் வைத்து வடுவைப் பார்த்தேன். சந்தேகமே இல்லை.

அந்த வடு வந்தபோது பியூலாவுக்கு ஆறு வயது, எனக்குப் பதின்மூன்று. அம்மா ஜெபக்கூட்டத்துக்குப் போயிருந்தாள். வீட்டில் நாங்கள் இருவர்தான். பியூலா இஸ்திரிப் பெட்டியை எடுத்து விளையாடினாள் என்று பேர். கரி போட்ட இரும்புப் பெட்டி, ஆறு வயதுப் பிள்ளையால் தூக்க முடியுமா என்று யாரும் கேட்கவில்லை. நல்ல அடி வாங்கினாள். சரி, அது பழைய கதை. இப்போதைய விஷயத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அரையாண்டுத் தேர்வு வினாத்தாள் கட்டு வந்தது. எண்ணி வாங்கினேன்.

டிசம்பர் 14, சனி

சந்தைக்குப் பொம்மையோடு போனேன். இசக்கியம்மாள் பழைய குடைத்துணியில் பை தைத்துக்கொண்டிருந்தாள். பொம்மையை அவள் மிஷின் மேல் வைத்தேன்.

"இந்தத் துணி உனக்கு எங்க கெடச்சுது? யாரு வித்தா?"

"யாரும் விக்கல. தலையணையில இருந்துச்சு."

"கதை விடாத. இது திருட்டுச் சேலை. போலீசுக்குப் போவேன்."

அவள் மிஷினை நிறுத்தினாள். "போங்க. நானும் வாறேன். பொம்மைக்குள்ள அடைக்க இலவம்பஞ்சு வேணும்னு முதியோர் இல்லத்துல பழைய தலையணை வாங்குனேன். அங்க எல்லாருக்கும் ஃபோம் தலையணை வந்துட்டு, பழச கழிச்சாவ. ஒண்ணப் பிரிச்சா பஞ்சுக்கு நடுவுல பட்டுச்சேலை, மடிச்ச மேனிக்கு. நான் அப்பமே கொண்டுபோய்க் கேட்டேன். எந்தத் தலையணை யாரு தந்ததுன்னு எங்களுக்குத் தெரியாது, நீயே வச்சுக்கோன்னுட்டாவ. மடிப்புல எல்லாம் பொடிஞ்சு போச்சு, கட்ட முடியாது. அதான் வெட்டுனேன். இதுல என்ன திருட்டு?"

"எந்தத் தலையணை?"

எழுந்து, தான் உட்கார்ந்திருந்த ஸ்டூலில் விரித்திருந்த துணியை உருவிக் காட்டினாள். "இந்த உறைக்குள்ள இருந்தது. பூ வேலை நல்லா இருக்கேன்னு வச்சுக்கிட்டேன்."

தலையணை உறை. இரண்டு ரோஜாப்பூ, நடுவில் ஆங்கிலத்தில் 'குட் நைட்'. ஒன்பதாம் வகுப்பு கைவேலைப் பாடத்துக்குப் பியூலா போட்டது. ஒரு ரோஜாவுக்குச் சிவப்பு நூல் தீர்ந்து, பாதியை ஆரஞ்சில் முடித்திருப்பாள். பாதி ஆரஞ்சு அப்படியே இருந்தது.

நான் உறையையே பார்த்துக்கொண்டு நின்றேன்போல. இசக்கியம்மாள் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். "உங்கள மாதிரியேதான் அந்த அம்மாவும் நின்னாவ" என்றாள்.

"எந்த அம்மா?"

"எல்லாப் பொம்மையும் வாங்குனாவல்லா, அவியதான். உங்க மூக்கு மாதிரியே மூக்கு. இந்த உறையப் பாத்துட்டு அப்படியே கீழ உக்காந்துட்டாவ. கதையெல்லாம் கேட்டாவ, சொன்னேன். மிச்சத் துண்டு எல்லாம் வாங்கிக்கிட்டாவ. தீய்ஞ்ச துண்டு உள்ள பொம்மைய மட்டும் தனியா பொதியச் சொன்னாவ. உறை வேணுமான்னு கேட்டேன். அது இங்கயே இருக்கட்டும், இன்னொருத்தியும் பாக்கணும்னாவ."

ஆக, இந்தப் பத்திரிகை எழுத்து வேலை பியூலாவுடையது. ஆராதனைக்கு முன் யாரும் பார்க்காமல் மேசையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். என் கிறிஸ்மாவுக்கும் இந்தப் பொம்மைக்கும் சம்பந்தமில்லை.

வீடு வந்து யோசித்தேன். பியூலாதான் சேலையைத் தலையணைக்குள் ஒளித்திருப்பாள், பிறகு எடுத்துக்கொள்ளலாமென்று. எடுப்பதற்குள் தலையணை போய்விட்டது. இப்போது நல்லவள் வேஷம். பழைய டைரியில் அவள் வந்துபோன தேதி எல்லாம் இருக்கும். எடுத்துப் பார்த்துவிட்டால் முடிந்தது.

டிசம்பர் 15, ஞாயிறு

இன்று வந்த பரிசு, பழைய பள்ளிக்கூட மணித்துண்டில் செய்த பேப்பர் வெயிட். இடது கை எழுத்து.

பரணிலிருந்து இரண்டு வருஷத்துக்கு முந்தின டைரியை எடுத்துப் பார்த்தேன். திரும்ப வைத்துவிட்டேன். தலைவலி.

டிசம்பர் 16, திங்கள்

விடுப்பு. காய்ச்சல் என்று எழுதிக் கொடுத்தேன். காய்ச்சல் இல்லை.

டிசம்பர் 17, செவ்வாய்

பழைய டைரியில் நானே எழுதியது. மறுபடி எடுத்து, வரிக்கு வரி இங்கே எழுதுகிறேன். இல்லாவிட்டால் நாளைக்கு நானே வேறு மாதிரி சொல்லிவிடுவேன்.

'செப்டம்பர் 5. அம்மா பீரோ சாவி கேட்டாள். எதற்கு என்றேன். சும்மா சேலையைப் பார்க்க வேண்டும் என்றாள். பத்து நாளில் மூன்றாவது தடவை. சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டு அலுவலகம் போனேன். சாயங்காலம் பூட்டிச் சாவியை வாங்கிக்கொண்டேன்.'

'செப்டம்பர் 7. அம்மாவுக்கு வாதம். ஆஸ்பத்திரி. பியூலாவுக்குச் சொன்னேன்.'

'அக்டோபர் 2. பேச்சு வரவில்லை. பகல் முழுக்கத் தலையணையைத் தட்டிக்கொண்டே இருக்கிறாள். பத்துத் தடவை திருப்பிவைத்தேன். பஞ்சைத் தட்டிச் சரிபண்ணி வைத்தேன். மறுபடி தட்டுகிறாள். பொறுமை போகிறது.'

'அக்டோபர் 19. அடக்கம் முடிந்து பத்து நாள். முதியோர் இல்லத்து வண்டி வந்தது. கட்டில் ஒன்று, மெத்தை ஒன்று, போர்வை மூன்று, தலையணை நான்கு. அம்மா தலைக்கு வைத்திருந்தது மட்டும் கனம். ஒரு பக்கம் மூட்டுப் பிரித்து வேறு நூலில் தைத்திருக்கிறது. வண்டிக்காரர் அவசரப்படுத்தினார். பார்க்கவில்லை.'

இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? பியூலா திருப்பிக் கொடுத்த சேலை பீரோவில்தான் இருந்திருக்கிறது. செப்டம்பர் 5-ஆம் தேதி நானே சாவியை எடுத்துக் கொடுத்திருக்கிறேன். சாயங்காலம் பீரோவைப் பூட்டினேன், உள்ளே சேலை இருக்கிறதா என்று பார்க்கவில்லை. அம்மா அன்று அதைத் தன் தலையணையில் வைத்துத் தைத்துக்கொண்டாள். ஏன் என்று எனக்குத் தெரியும். தன் சேலையைத் தான் பார்க்க, ஒவ்வொரு தடவையும் என்னிடம் சாவி கேட்டு, எதற்கென்று காரணமும் சொல்ல வேண்டியிருந்தது.

அம்மா செத்துக் கிடந்தபோது அவள் தலை அந்தச் சேலையின் மேல்தான் இருந்தது. நான் பக்கத்தில் நின்றுகொண்டு என் தங்கையைத் திருடி என்றேன். உலகத்தில் எல்லாரையும் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தவள் அந்த ஒரு தலையணையைப் பார்க்கவில்லை. எனக்கு என்னைப் பிடிக்கவில்லை.

டிசம்பர் 19, வியாழன்

பெருமாள்புரத்துக்கு ஆட்டோவில் போனேன். பியூலா வீட்டு மாடியில் நட்சத்திரம் உயரமாக எரிந்தது. வாசலில் இரண்டு ஜோடிச் செருப்பு. தெருமுனைக் கடையில் வேண்டாத சோப்பு ஒன்று வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

அவளுக்கு எல்லாம் தெரிந்து மூன்று வாரம் ஆகப்போகிறது. வந்து என் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கலாம். சபையாரைக் கூட்டிக் காட்டியிருக்கலாம். நானாக இருந்தால் அன்றைக்கே செய்திருப்பேன். அவள் ஹெல்மெட் செய்தியை வெட்டி 'ஹெ' ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். இதில் ஏதாவது உள்நோக்கம் இருக்குமோ என்று இப்போதும் மனசு தேடுகிறது. இந்தப் புத்தி என்னோடுதான் போகும்.

டிசம்பர் 21, சனி

கடைசிச் சந்தை. இசக்கியம்மாளிடம், "அன்னைக்குப் பேசினதுக்கு மன்னிச்சுக்கோ" என்றேன். மிஷினை நிறுத்தாமலே, "விடுங்கம்மா, போலீசுக்குப் போவாம இருந்தியள்லா" என்றாள். தலையணை உறையைக் கேட்டேன். துவைத்து மடித்து எனக்கென்றே எடுத்துவைத்திருந்தாள். ஸ்டூலுக்கு வேறு துணி வேண்டுமே என்று, வீட்டில் அடுக்கிவைத்திருக்கும் நல்ல உறை இரண்டைக் கொண்டுவந்து தருவதாகச் சொன்னேன்.

ஜெபராணிக்குக் கடைசிப் பரிசு வாங்கினேன். இந்தத் தடவை ஜெபராணியை நினைத்து வாங்கினேன். அவள் சாக்பீஸ் தூசிக்குத் தும்முகிறவள். பழைய காட்டன் சட்டையில் தைத்த கைக்குட்டைகள் ஆறு.

டிசம்பர் 22, ஞாயிறு

ஆராதனை முடிந்து கிறிஸ்மா சொல்லும் நேரம். ஒவ்வொருவராக எழுந்து தன் கிறிஸ்மா யார் என்று ஊகிக்க வேண்டும். என் முறை வந்தது. ஜெபராணி டீச்சர் என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். மேபல் அக்கா கை தூக்கினார்கள். "நான்தான். பேனாக்கூடு, பேப்பர் வெயிட், இன்னைக்கு இந்த உண்டியல். எட்டாம் தேதி எனக்கு முடியல, ஒண்ணும் வைக்கல. அன்னைக்கு வந்தது என்னுது இல்ல" என்றார்கள். சொல்லிவிட்டு என்னையே பார்த்தார்கள்.

மைக் என் கையில் இருந்தது. அடுத்த ஆளிடம் கொடுக்க வேண்டியதுதான். எங்கள் வீட்டில் அன்று நின்ற முகங்களில் பாதிக்கு மேல் அந்த ஹாலில் இருந்தன. பியூலா இல்லாத இடத்தில்தான் இதைச் சொல்ல முடியும் என்பது என் கோழைத்தனம். ஆனால் அவள் பேரைக் கெடுத்தது இவர்கள் முன்னால்தான்.

"எங்கம்மா அடக்கத்து அன்னைக்கு என் தங்கச்சியத் திருடின்னு சொன்னேன். நீங்க கேட்டிய. அவ எடுக்கல. எங்கம்மா சேலை எங்கம்மா தலையணையிலதான் இருந்துச்சு. அத ஆராயாம தூக்கிக் கொடுத்தது நான். அந்தச் சேலை இல்லாம அம்மா குழிக்குள்ள போனதுக்கும் நாந்தான் காரணம். பியூலா இல்ல. அன்னைக்குக் கேட்டவிய எல்லாரும் இதையும் கேட்டுக்கிடுங்க. வெளிய சொல்லுங்க."

மைக்கை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. ஜெபராணி எழுந்து வந்து வாங்கிக்கொண்டாள். "எனக்கு யாரு கிறிஸ்மான்னு தெரியும். ஊதாப் பை கொடுத்தவிய" என்று மைக்கில் சொல்லிவிட்டு, கைப்பையிலிருந்து இன்று நான் கொடுத்த கைக்குட்டையை எடுத்து என்னிடமே நீட்டினாள். அப்போதுதான் நான் அழுகிறேன் என்று எனக்குத் தெரிந்தது.

டிசம்பர் 23, திங்கள்

கேக் அடியில் கருகிவிட்டது. போன் வரவில்லை. நானும் போடவில்லை.

டிசம்பர் 25, புதன். கிறிஸ்துமஸ்

விடியற்கால ஆராதனை முடிந்து நேரே பெருமாள்புரம் போனேன். ஒரு கையில் கருகல் சுரண்டின கேக், தோளில் பை. பைக்குள் பொம்மையும் தலையணை உறையும். இந்தத் தடவை சோப்புக்கடையில் நிற்கவில்லை. கதவைத் திறந்தது பியூலா வீட்டுக்காரர் சாம்சன். என்னைப் பார்த்து ஒரு நொடி திகைத்தார். பிறகு உள்ளே திரும்பி, "பியூலா, உங்க அக்கா" என்றார்.

அவள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தாள். தலை நிறைய நரைத்திருக்கிறது. நான் இதை எதிர்பார்க்கவில்லை. மேசை முழுக்க அரைவெள்ளைப் பட்டுத் துண்டுகள். வாங்கின பொம்மைகளின் உடுப்பை எல்லாம் தையல் பிரித்து, மிச்சத் துண்டுகளோடு சேர்த்து இஸ்திரி போட்டு, ஜரிகைக் கொடி ஒன்றோடொன்று சேரும்படி அடுக்கி, இழை ஓட்டிக்கொண்டிருந்தாள். சேலையாக வராது. மேசைவிரிப்பு அளவுக்கு வந்திருந்தது. ஒரு மூலையில் மட்டும் கையகல இடம் வெறுமனே இருந்தது.

என்னென்னவோ சொல்ல நினைத்துக்கொண்டு போயிருந்தேன். "ஏட்டி, நான் ஞாயித்துக்கெழம..." என்று ஆரம்பித்தேன்.

"மேபல் அக்கா சொன்னாவ. இன்னும் பன்னெண்டு பேரு சொன்னாவ" என்றாள். "நீதான் வெளிய சொல்லச் சொன்னியாமே."

"நீ ஏன்ட்டி நேர்ல வந்து என் மூஞ்சில எறியல?"

"எறிஞ்சா நீ குனிஞ்சிருப்ப. பொறவு யாரு எறிஞ்சான்னு விசாரிச்சிருப்ப."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை. "எனக்குக் கோவம் போவலக்கா" என்றாள். "அம்மா பக்கத்துல நின்னு சொன்னல்லா, அது போவாது. ஆனா வந்துட்ட. உக்காரு."

உட்கார்ந்தேன். பொம்மையை எடுத்துக் கொடுத்தேன். கத்தரியால் பாவாடைத் தையலைப் பிரித்து, அந்தத் துண்டை வெற்றிடத்தில் பொருத்திப் பார்த்தாள். சரியாக இருந்தது. வடுவின் மேல் அம்மா போட்ட இழைகளை விரலால் தடவினாள்.

"இதுக்கு வாங்குன அடி இன்னும் முதுகுல இருக்கு" என்றாள்.

டிசம்பர் 11-ஆம் தேதிப் பக்கத்தில் பழைய கதை என்று எழுதிவைத்தேன். ஞாயிற்றுக்கிழமை அத்தனை பேர் முன்னால் மைக்கில்கூட அது வாயில் வரவில்லை. இப்போது இரண்டு கையையும் மேசைமேல் வைத்துக்கொண்டு சொன்னேன். "பியூலா, அத எரிச்சது நான். நீ தூங்கிட்டன்னு நெனச்சு, கட்டிப் பாக்கணும்னு ஆசப்பட்டு எடுத்தேன். சுருக்கம் விழுந்துட்டுன்னு இஸ்திரி போட்டேன். அம்மா வந்ததும் உன் பேரச் சொல்லிட்டேன்."

அவள் நிமிரவில்லை. நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"தெரியும்க்கா. அன்னைக்கு நான் தூங்கல. கட்டிலுக்கு அடியில படுத்து எல்லாம் பாத்துட்டுத்தான் இருந்தேன்."

"பொறவு ஏன் அம்மாகிட்ட சொல்லல?"

"நீ நடுங்கிட்டு நின்ன. அடி வலி அன்னைக்கே போயிட்டு. நீயா சொல்லுவ, சொல்லுவன்னுதான் இத்தன வருசமாப் பாத்துட்டு இருந்தேன்."

ஊசியில் புது நூல் கோத்தாள். துணியின் இந்த முனையை இழுத்துப் பிடி என்றாள். பிடித்துக்கொண்டேன்.